கொடிக்கம்பமும் கக்கூஸ் சங்கிலியும்

என் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வயிற்றில் வந்து நிற்கிறது. யாருக்கு என்ன செரிக்கவில்லை, யாருக்கு முட்டி மடங்காது, யார் வீட்டில் வெஸ்டர்ன் வைத்தாகிவிட்டது என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். அதனால் நான் கக்கூஸைப் பற்றி எழுதுகிறேன் என்று யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நம்மில் யாரும் அதைத் தாண்டிப் போனவர்கள் இல்லை.

மகன் வாங்கியிருக்கும் ஃப்ளாட்டில் ஃப்ளஷுக்கு இரண்டு பொத்தான். சின்னதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பெரியதை அழுத்தினால் சின்னதற்கு நடக்க வேண்டியது நடக்கும். போன மாதம் அதுவும் நின்று போய், மகன் ஃபோனில் தட்டி ஒரு பிளம்பரை வரவழைத்தான். அவர் ஏதோ ஆசிட்டை ஊற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். தண்ணீர் மேலே ஏறி, கொஞ்சம் யோசித்து, "களக்... களக்" என்று விக்கிக்கொண்டே இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று மகன் பார்த்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சின்ன வயசில் குடியிருந்த ஸ்ரீராம்புரத்துக்குப் போயிருந்தேன், என் சித்தி எண்ணெய் டின்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கார்த்திகை மாதத்துக்கு.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் இரண்டு அறையில் நாங்கள் எல்லோரும்: அப்பா, அம்மா, நான், மில்லில் வேலை பார்த்த சித்தப்பா, இவர்கள் எல்லோருக்கும் மேலே அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து தம்பிகளிடம் வந்தவள். வந்தவள்தான் வீட்டை நடத்தினாள். அவள் சரி என்றால் சரி, இல்லை என்றால் அப்பாவின் தையல் மெஷின்கூட மெதுவாகத்தான் ஓடும்.

இந்த வீட்டுக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் சந்திலேயே ஃப்ளஷ் இருந்த ஒரே வீடு எங்களுடையது. மற்றவர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள், அதுவும் இல்லாதவர்கள் தெருமுனையில் இருந்த கார்ப்பரேஷன் கக்கூஸில் வரிசையில் நின்றார்கள். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, அந்த வீட்டுக்குத் திரை தைத்துக் கொடுத்த பழக்கத்தில், அப்பா ஒரு இரும்புத் தொட்டியைக் கேட்டு வாங்கி ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் உரிந்த தொட்டி. வயிற்றில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்திருக்கும். அதிலிருந்து தொங்கும் சங்கிலியின் நுனியில் வெள்ளைப் பீங்கானில் ஒரு பிடி, பிடித்தால் உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கும். அதை இழுத்தால் மேலே ஏதோ தூங்கி எழுந்த மாதிரி ஓர் உறுமல், பிறகு தடதடவென்று தண்ணீர் இறங்கும். சட்டை அளவு கொடுக்க வந்தவர்கள்கூட "ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா டெய்லரே" என்று கேட்டு இழுத்துவிட்டுப் போவார்கள். அப்பா பக்கத்திலேயே நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பார். இப்போது அந்தப் பீங்கான் பிடி எங்கே என்று கேட்காதீர்கள். வீடு கைமாறியபோது எத்தனையோ போயிற்று. எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

கக்கூஸ் கட்டிய மேஸ்திரி, பின்சுவரை ஒட்டி ஓர் இரும்புக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே இடுப்பு உயரத்துக்குத் தூக்கி விட்டிருந்தார். நாற்றம் மேலே போவதற்கு என்று சொன்னாராம். அதன் வாயில் கம்பிவலையில் ஒரு தொப்பி இருந்தது. ஏதோ ஒரு மழையில் அது துருப்பிடித்து உதிர்ந்து போனது. யாரும் அதைத் தேடவில்லை.

நவம்பர் முதல் தேதி ராஜ்யோத்சவம், கன்னட மாநிலம் பிறந்த நாள்; தெருவெல்லாம் கன்னடக் கொடி ஏறி மாசம் முழுக்கப் பறக்கும். அதற்கு முன்னால் எங்கள் முன்னறை முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கிடக்கும். தெருவுக்கே கொடி தைப்பது அப்பாதான். மெஷினுக்குக் கீழே வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்க, நான் அதில் படுத்துப் புரளுவேன். முந்தைய வருஷம் எதிர்வீட்டு மேஷ்ட்ரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அவர் கன்னடப் பள்ளிக்கூடத்து வாத்தியார், தமிழும் நன்றாகப் பேசுவார். "ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க டெய்லரே, உங்க வீட்டு மேலதான் காணோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அத்தோடு மறந்திருப்பார். அப்பா ஒரு வருஷம் அதைச் சுமந்தார். இங்கேயே பிறந்து, இங்கேயே கடை வைத்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவனைப் பார்த்து ஏன் இப்படிக் கேட்டார் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

அதனால் அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கென்று தெருவிலேயே பெரிய கொடியைத் தைத்தார். மூங்கில் கம்பமும் வாங்கினார். மாடியில் எங்கே நடுவது என்று சுற்றிச் சுற்றி வந்தவருக்கு அந்தக் குழாய் கண்ணில் பட்டது. கம்பம் அதற்குள் அளவெடுத்த மாதிரி இறங்கியது. ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வெட்டுத் துணிகளைத் திணித்துக் குத்தினார். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். தையல்காரர் கட்டு. அவிழாது. கொடி எழுந்து பறந்தபோது கீழே மேஷ்ட்ரு நிமிர்ந்து பார்த்து, "பாவுட்ட பஹள சென்னாகிதே டெய்லரே" என்றார். கொடி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று. அன்று முழுவதும் அப்பா தெருவில்தான் நின்றார்.

இதெல்லாம் நடந்தபோது சித்தப்பாவும் சித்தியும் ஊரில் இல்லை. அவர்களுக்குத் தலை தீபாவளி. அந்த வருஷம் தீபாவளியும் ராஜ்யோத்சவமும் அடுத்தடுத்து வந்ததால், சித்தியின் ஊரான அத்திபெலேயில் தங்கிவிட்டு, கொடி ஏறிய பிறகுதான் திரும்பினார்கள்.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமானவள். நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும், சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். அவள் அப்பாவுக்கு அத்திபெலேயில் எண்ணெய்க் கடை. கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துப் பழகியவள் என்பதால் யாரைக் கண்டும் குரல் தாழ்த்தத் தெரியாது. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அவளைத் தவிர வேறு யாரையும் பிடிக்கவில்லை. அவள் புடவையில் எப்போதும் லேசாகக் கடலை எண்ணெய் வாசம் வரும். நான் அவளோடு ஒட்டிக்கொண்டே திரிவேன்.

அவர்கள் திரும்பி வந்த அதே வாரம் ஃப்ளஷ் படுத்துவிட்டது.

சங்கிலியை இழுத்தால் உறுமல் வரும், தண்ணீர் வரும், ஆனால் வந்த தண்ணீர் போகாது. மேலே ஏறி வந்து நம்மைப் பார்க்கும். பிறகு விக்கி விக்கி இறங்கும். இறங்கும்போது பக்கத்திலிருந்த குளியலறை ஓட்டையில் குமிழ் வரும். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ஒரு கலீஜு நாற்றம். அத்தையின் மூக்கு, அடுத்த தெருவில் கருவாடு வறுத்தால் எந்த மீன் என்று சொல்லிவிடும். அந்த மூக்குக்கு இது பெரிய தண்டனை. சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். கோணிச் சாக்கைக் கம்பில் கட்டிக் குத்தினாள். ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். எதற்கும் அது மசியவில்லை.

கார்ப்பரேஷனில் வேலை பார்த்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை அப்பா கூட்டி வந்தார். அவர் வாசல் பக்கத்துச் சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து, நீளமான மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குடைந்தார். நுனியில் கறுத்துப் போன ஒரு துணி நாடா சுற்றிக்கொண்டு வந்தது. அவர் அதை ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி குடைந்தார்.

"லைன் கிளீனா இருக்குதும்மா," என்றார் அத்தையிடம். "இந்தத் துணி சின்னது. இதுக்கு இவ்வளவு தண்ணி நிக்காது. வேற என்னமோ இருக்குது, என்னன்னு எனக்குத் தெரியல."

அத்தையின் காதில் துணி என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

அவர் போன பிறகு அத்தை அதை ஒரு குச்சியால் தூக்கி வந்து, பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சித்தியின் முன்னால் போட்டாள். ஆண்கள் காதில் விழக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள்.

"இதை எங்க போடணும்னு உங்கம்மா சொல்லித் தரலியா?"

சித்தி பார்த்தாள். "இது என்னுது இல்ல அண்ணி."

"அப்ப யாருது, என்னுதா? நாங்க இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கோம். ஒரு நாள் நின்னதில்ல. நீ ஊருக்குப் போயிட்டு வந்ததும் நின்னு போச்சு."

என்ன துணி, ஏன் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தையல்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம் என்றுதான் நினைத்தேன். நான் பெரியவளாகி, மாதாமாதம் எனக்கும் வெட்டுத் துணியை மடித்துக் கொடுத்தபோதுதான் அத்தை கேட்டது என்னவென்று புரிந்து உடம்பு கூசியது. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அந்த வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று பயந்திருப்பாள். அம்மா நல்லவள்தான். இருந்தாலும் அன்று அவள் கீரையை ஆய்ந்துகொண்டே குனிந்திருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று முதல் சித்தி ஃப்ளஷ் பக்கம் போகக் கூடாது. தெருமுனைக் கார்ப்பரேஷன் கக்கூஸுக்குத்தான் போக வேண்டும். கல்யாணமாகி வந்த புதுப்பெண், சந்திலேயே ஃப்ளஷ் வைத்த வீட்டு மருமகள், காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த நீளச் சந்தை நடந்து கடக்க வேண்டும். எல்லா ஜன்னலும் பார்க்கும். வேறு யாராக இருந்தாலும் முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போயிருப்பார்கள். சித்தி சந்தின் நடுவில் நடந்தாள். எதிரில் வருபவர்கள்தான் தோளைத் திருப்பிக்கொண்டார்கள். வரிசையில் நின்ற பெண்களுக்கு அத்திபெலேச் சந்தைக் கதையெல்லாம் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டு வாசல் வரை கேட்கும். அத்தை கதவைச் சாத்துவாள். அந்த நடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதுகு தானாக நிமிர்கிறது.

ஆனால் கிணற்றடியில் துணி துவைக்கும்போது, யாரும் இல்லை என்று நினைத்து அவள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

சித்தி போகாமலே ஃப்ளஷ் அப்படியேதான் இருந்தது. அது ஒன்றே போதும், அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்துகொள்ள. ஆனால் அத்தை, "உள்ள இன்னும் எத்தனை போட்டிருக்காளோ" என்று சொல்லிவிட்டாள். ஓசூர் பஸ்ஸில் போகிறவர் ஒருவரிடம் அத்திபெலேக்குச் சொல்லி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகட்டும், வீட்டுப் பழக்கம் தெரிந்த பிறகு அனுப்பட்டும். அந்தக் காலத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று நம் வயசுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள். சித்தப்பா, "அக்கா, வந்து..." என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். நல்ல மனுஷன். பயந்த மனுஷன்.

சித்தியிடம் பெட்டியைக் கட்டி வைக்கச் சொன்னாள் அத்தை. சித்தி தலையை ஆட்டினாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். தீபாவளிக்கு அத்திபெலேயிலிருந்து வந்த எண்ணெய் டின் சமையலறையில் இருந்தது. அத்தை ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டு வைத்திருந்தாள். சித்தி தூக்குச்சட்டியில் ஊற்றுவதற்கு டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் "களக்... களக்" என்று துப்பித் துப்பி வந்து தரையெல்லாம் தெறித்தது.

"யாரு இப்படி ஓட்டை போட்டது?" என்று முணுமுணுத்துக்கொண்டே சித்தி ஆணியும் சுத்தியும் எடுத்து, எதிர் மூலையில் ஒரு தட்டு தட்டினாள். மறுபடி சாய்த்தாள். எண்ணெய் இப்போது சத்தமே இல்லாமல் நூல் மாதிரி இறங்கியது.

அப்போது உள்ளே யாரோ சங்கிலியை இழுத்தார்கள். உறுமல். தண்ணீர். பிறகு களக், களக்.

சித்தி அப்படியே நின்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, டின் சாய்ந்தபடியே இருக்கிறது, தூக்குச்சட்டி நிரம்பப் போகிறது. அவள் புது ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினாள். களக் என்றது. விரலை எடுத்தாள். சத்தம் இல்லை. மறுபடி மூடினாள். களக்.

"கேட்டியாடி?" என்றாள் என்னிடம். "அடைச்சுக்கிட்டா இந்தச் சத்தம் வராது. இது காத்து இல்லாத சத்தம்."

டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். கக்கூஸ் சுவரைச் சுற்றி வந்தாள். அந்த இரும்புக் குழாயைக் கண்டுபிடித்துக் கையால் தட்டினாள். அப்படியே கண்ணை மேலே ஓட்டினாள். குழாய் ஏறியது, மாடியைத் தாண்டியது, அதற்கு மேல் சாக்குக் கட்டு, அதற்கு மேல் மூங்கில், அதற்கும் மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி ஜோராகப் பறந்துகொண்டிருந்தது.

சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளுக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

சாயந்திரம் மில்லிலிருந்து வந்த சித்தப்பாவிடம் சொன்னாள். "அண்ணன்கிட்ட நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார் அவர். அப்பாவை மாடிக்கு வரச் சொன்னார்கள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"மாமா, இந்தக் குழாய் எதுக்குன்னு தெரியுங்களா?"

"நாத்தம் போறதுக்கு."

"காத்து உள்ள வர்றதுக்கும்தான் மாமா. எங்க கடையில டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுவோம். ஒண்ணு எண்ணெய் வர்றதுக்கு, ஒண்ணு காத்து போறதுக்கு. நீங்க காத்து ஓட்டையில கம்பத்தை நட்டு, துணியை வெச்சு அடைச்சிட்டீங்க."

அப்பா முதலில் சிரித்தார். கக்கூஸுக்கும் எண்ணெய் டின்னுக்கும் என்ன சம்பந்தம் என்றார். "கட்டை அவுத்துக் கொஞ்சம் தூக்கித்தான் பாருங்களேன்" என்றாள் சித்தி. அப்பா தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்கை அவிழ்த்து, திணித்த துணிகளைப் பிடுங்கினார். அப்பாவும் சித்தப்பாவுமாகக் கம்பத்தை மெல்லத் தூக்கிப் பிடித்தார்கள். சித்தி கீழே ஓடினாள். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள்.

உறுமல் கேட்டது. அடுத்த கணம் அந்தக் குழாய் "ஹா" என்று மூச்சை உள்ளே இழுத்தது. வாயோரத்தில் கிடந்த ஒரு சிவப்புத் துணித் துண்டு எங்கள் கண்ணெதிரில் உள்ளே போய் மறைந்தது. கீழே தண்ணீர் தடதடவென்று கொட்டி ஒரே வீச்சில் போனது.

அப்பா கையிலிருந்த வெட்டுத் துணியைப் பார்த்தார். அவர் கத்தரி வெட்டிய துணி அவருக்குத் தெரியாதா. சேம்பரில் வந்த நாடா எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தை குசுகுசுத்ததும் அவருக்குத் தெரியாமல் இல்லை. கம்பத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இரண்டாவது விஷயம் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"ஐயோ, கக்கூஸ் பைப்புலயா நட்டேன்," என்றார்.

சித்தி மேலே வந்தாள். அப்பா அவளிடம் கெஞ்சுகிற மாதிரி பேசினார். என் அப்பா கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"யாருக்கும் தெரிய வேணாம்மா. தமிழ்க்காரன் கொடியைக் கொண்டுபோய் எங்க வெச்சான் பாருன்னு ஆயிடும். பாதி மாசத்துல இறக்கினாலும் ஏன்னு கேப்பாங்க. மாசக் கடைசியில எல்லாரும் இறக்கும்போது நாமும் இறக்கிடலாம். தண்ணி தானா சரியாயிடும். அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

சித்தி ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்கப்பா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு. மாசக் கடைசியில கொடி இறங்கும். தண்ணி பழையபடி கொட்டும். அப்ப அண்ணி என்ன சொல்லுவாங்க மாமா?"

அப்பா வெட்டுத் துணியை விரலில் சுற்றினார்.

"அவ போனதும் சரியாயிடுச்சும்பாங்க. அப்புறம் நான் எந்த முகத்தோட திரும்பி வருவேன்?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எவ்வளவு கச்சிதமாக எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஒருத்தரும் பொய் சொல்லியிருக்க வேண்டாம். சும்மா இருந்திருந்தாலே போதும், அவள் கதை முடிந்திருக்கும். அதை அந்த வயதில் அந்த இடத்தில் நின்று அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். "ஒந்து தப்பாகிதே மேஷ்ட்ரே" என்று ஆரம்பித்தார். ஒரு தப்பு நடந்துவிட்டது. மேஷ்ட்ரு பேப்பரை மடித்து வைத்துக் கேட்டார். பாதியில், "எந்தப் பைப்பு?" என்று தமிழில் கேட்டார். அப்பா மறுபடி சொன்னார். மேஷ்ட்ரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"கொடி நல்லா உயரமாத்தான் பறந்தது டெய்லரே," என்றார். "வாங்க, வேற இடம் பார்க்கலாம்."

தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த மரத்தூண் ஒன்றைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கைப்பிடிச் சுவரில் அதை நிறுத்திக் கட்டியதும் அவர்தான். அப்பா அன்று வேறு எந்த வேலையும் பார்க்காமல் புதுக் கொடி ஒன்று தைத்தார். பழையதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷம் சுமந்ததும், அத்தனை பயந்ததும், எல்லாம் இவ்வளவுதானா என்று அப்பாவுக்கே இருந்திருக்கும்.

ஆனால் அத்தையிடம் சொல்லவில்லை. ஒரு மாநிலத்துக்கே பதில் சொல்லிவிடுவார், அக்காவுக்குச் சொல்ல மாட்டார்.

கொடி ஏன் இடம் மாறியது என்று அத்தை யோசிக்கவே இல்லை. ஃப்ளஷ் பழையபடி இறங்கியதும், "பாத்தியா, அவ கால் படாம இருந்ததும் சரியாயிடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். சித்தி சொன்ன அதே வார்த்தை, கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. சித்தி அடுப்படியில் நின்றபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெஷினை வேகமாக மிதித்தார்.

அதன் பிறகும் சித்தி வாளியோடுதான் போய் வந்தாள். உண்மையைத் தானே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை நம்ப மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, அப்பாவை அவர் அக்கா முன்னால் தலைகுனிய வைக்க அவளுக்கு மனசில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். எண்ணெய் ஏறிய வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு புது டின். பெண்ணைக் கூட்டிப்போகச் சொன்னார்கள் என்றால் என்ன ஆயிற்றோ என்று முகமெல்லாம் கலங்கியிருந்தது. வாசலிலேயே டின்னைக் கையில் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், டின்னை மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சம்பந்தி. பொண்ணைக் கொஞ்ச நாள் உங்ககூட வெச்சுக்குங்க. ஃப்ளஷ் வெச்ச வீட்டுல எப்படி நடந்துக்கணும்னு..."

"அக்கா," என்றார் அப்பா. வெட்டுகிற மேஜை ஓரத்தில் கத்தரியோடு நின்றிருந்தார். "அந்தத் துணி என்னுது."

அத்தைக்குப் புரியவில்லை. "எது?"

"சேம்பர்ல வந்த துணி. நான் கொடிக்கம்பத்துக்கு அடைச்சது. கம்பத்தை நட்டது கக்கூஸ் காத்துப் பைப்புல. அதனாலதான் தண்ணி நின்னுது. இந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுச் சொல்லிச்சு. எனக்குத் தெரிஞ்சும் இத்தனை நாளா உன்கிட்ட சொல்ல வாய் வரல." பிறகு டின்னோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கை கூப்பினார். "உங்க பொண்ணுமேல ஒரு தப்பும் இல்லீங்க சம்பந்தி."

அப்பா வாழ்க்கையில் நல்ல சட்டை எத்தனையோ தைத்திருப்பார். அன்று செய்ததைவிட நல்ல காரியம் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுந்து போய், கதவோரம் இருந்த சித்தியின் வாளியை எடுத்து உள்ளே தள்ளி வைத்தாள்.

"போ," என்றாள் சித்தியிடம். "போய் சங்கிலியை இழு."

சித்தி உள்ளே போனாள். அத்தை நின்றுகொண்டே இருந்தாள். அவள் நிற்கிறாளே என்று அம்மா எழுந்தாள், சித்தப்பா எழுந்தார். அப்பா ஏற்கெனவே நின்றிருந்தார். நானும் எழுந்தேன். சித்தியின் அப்பா எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் மரியாதைக்குத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் எழுந்து நின்றார்.

உறுமியது. கொட்டியது. ஒரு விக்கல்கூட இல்லாமல் போனது.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பெட்டி கட்டிட்டியாம்மா? கிளம்பலாமா?" என்று கேட்டார் அவள் அப்பா, பாவம், இன்னும் ஒன்றும் புரியாமல்.

"பெட்டியைப் பரணை விட்டு இறக்கவே இல்லப்பா," என்றாள் சித்தி. "டின்னைக் கீழ வைங்க. ரெண்டு ஓட்டையும் நானே போடறேன்."